செம்புதானா என்று பாருங்கள்!

வீடு கட்டுகிறவர்கள் வாசற்கதவுக்குத் தேக்கா, வேங்கையா என்று பத்துக் கடை ஏறி இறங்குகிறார்கள். சுவருக்குள் போகும் இன்டர்நெட் கேபிளை மட்டும் "நீங்களே பார்த்து வாங்கிப் போடுங்கள்" என்று எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுகிறார்கள். கதவைப் பிறகு மாற்றலாம். பூச்சுக்குள் புதைந்துவிட்ட கேபிளை மாற்றச் சுவரையல்லவா உடைக்க வேண்டும்!

கேபிளின் மேல் 'கேட் 5இ', 'கேட் 6', 'கேட் 6ஏ' என்று அச்சிட்டிருப்பார்கள். 5இ ரகம் 100 மீட்டர் தூரம் வரை விநாடிக்கு 1 கிகாபிட் கொண்டுசெல்லும். கேட் 6 சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட். 6ஏ அதையே 100 மீட்டருக்கும். சாதாரணக் குடும்பத்துக்குக் கேட் 6 தாராளம்.

ஆனால் எந்த ரகம் என்பதை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 'சி.சி.ஏ.' என்று ஒரு மலிவுச் சரக்கு கடைகளில் உலவுகிறது. வெளியே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். மின்தடை அதிகம். நாலு தரம் வளைத்தால் முறியும். அதன் வழியே காமிராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் சூடேறும். சர்வதேசத் தர விதிகள் இதை ஏற்பதில்லை. அப்படியிருந்தும் பெட்டியின் மேல் 'கேட் 6' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்கள். இது ஏமாற்று அல்லாமல் வேறென்ன? கடையிலேயே ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நல்ல கேபிளையும் கெடுக்கிறவர்கள் உண்டு. உள்ளே எட்டுக் கம்பிகள், ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும். கிரஹாம் பெல் 1881-ல் பேடன்ட் வாங்கிய யுக்தி இது. அக்கம்பக்கத்து மின் இரைச்சலை அந்த முறுக்குதான் அடக்குகிறது. ஆகவே முனையில் அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. வர்ண வரிசையும் தவறக் கூடாது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நடுவில் பச்சை ஜோடியை நீலம் பிரிப்பதைக் கண்டு, "இதென்ன கோணல்?" என்று சிலர் தாமே வரிசையைத் திருத்திவிடுகிறார்கள்! இரு முனையிலும் ஒரே மாதிரி திருத்தினால் சோதனைப் பெட்டியில் எட்டு விளக்கும் எரியும். வேகம் மட்டும் வராது.

மின்சார ஒயர் போகும் குழாயில் இதைச் சேர்த்து இழுக்க விடாதீர்கள். தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். அதற்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைத்தால், நாளைக்கு வேறு கேபிள் இழுக்கச் சுவரைத் தொட வேண்டியிராது.