ஓய்வு பெற்றவரின் காப்புறுதி: கண்டியில் ஒரு கணக்கு

சில மாதங்களுக்கு முன், கண்டி தேசிய வைத்தியசாலையின் கிளினிக் வரிசையில் அதிகாலை ஐந்தரை மணிக்கே இடம்பிடித்து அமர்ந்திருந்தேன். எனக்கு ஒருபுறம் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர். மறுபுறம் கலஹாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த தோட்டத்துப் பெரியவர். மூவருக்கும் நீரிழிவு. மூவரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள். பேச்சு இயல்பாகவே காப்புறுதியின் பக்கம் திரும்பியது. அங்கேதான் எங்களுக்கிடையிலான வேறுபாடு தெரிந்தது.

ஆசிரியருக்கு ‘அக்ரஹார’ இருக்கிறது. அரச ஊழியர்களுக்கான இந்தக் காப்புறுதித் திட்டத்தை, 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. ஓய்வூதியத்திலிருந்து மாதாந்தம் ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொள்ள இசைந்து ஓய்வூதியரும் இதில் சேரலாம். வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றாலோ, சத்திரசிகிச்சை செய்துகொண்டாலோ, குறித்த உச்ச வரம்புக்குள் பணம் மீளக் கிடைக்கும். வரம்பு பெரிதல்ல, தனியார் வைத்தியசாலையின் முழுக் கட்டணத்தையும் அது ஈடுசெய்யாது. ஆயினும் வயதைக் காட்டியோ நோயைக் காட்டியோ அவரை எவரும் வாசலில் நிறுத்துவதில்லை. காப்புறுதியில் முதியவருக்கு வேண்டிய முதற்பண்பு அதுவே என்பேன்.

என் கதை வேறு. பத்திரிகை நிறுவனத்தில் பணியாற்றிய காலமெல்லாம் குழுக் காப்புறுதி ஒன்று இருந்தது. அதை நான் ஒரு முறையேனும் பயன்படுத்தியதில்லை. ஓய்வு பெற்ற நாளோடு அதுவும் ஓய்வு பெற்றது. பின்னர் கண்டி நகரிலுள்ள காப்புறுதி நிறுவனமொன்றின் படியேறினேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். வயதைக் கேட்டார், நீரிழிவு உண்டா என்றார், இரத்த அழுத்தம் உண்டா என்றார். இறுதியில் அவர் நீட்டிய திட்டத்தில் தவணைக் கட்டணம் என் சேமிப்பு வட்டியின் பெரும்பகுதியை விழுங்கியது. நீரிழிவும் அதனால் விளையும் சிறுநீரகம், இதயம், கண் ஆகியவற்றின் கோளாறுகளும் விலக்கப்பட்டிருந்தன. எனக்கு வரக்கூடியவை எவையோ, அவற்றைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் காப்புறுதி! நன்றி கூறி இறங்கி வந்தேன்.

அந்த இளைஞரை நான் குறை கூறவில்லை. வணிகக் காப்புறுதியின் கணக்கே அத்தகையது. நோயற்ற பலர் செலுத்தும் பணத்தில் நோயுற்ற சிலரைக் காப்பது அதன் அடிப்படை. அறுபதைக் கடந்தவர்கள் மட்டும் வந்து சேர்ந்தால் கணக்கு நில்லாது. ஆகவே ஐம்பதுகளின் தொடக்கத்தில், உடல் நலமாயிருக்கும்போதே தனிப்பட்ட காப்புறுதி எடுத்துவிடுவதே தனியார் துறையினருக்கு உகந்தது. எடுக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்த வயது வரை புதுப்பிக்கலாம்? ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? அறை வாடகைக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனி வரம்பு உண்டா? வயது ஏறும்போது தவணைக் கட்டணம் எவ்வாறு ஏறும்? பதில்களை எழுத்தில் பெறுங்கள். உள்ள நோயை மறைக்காதீர்கள். பின்னர் கோரிக்கை நிராகரிக்கப்பட அதுவே காரணமாகும். பிணக்கு நேர்ந்தால் முறையிடக் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி ஒருவர் இருக்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கலஹாப் பெரியவரிடம் கேட்டேன். “எங்களுக்கு இன்சூரன்சு இந்த ஆஸ்பத்திரிதாங்க ஐயா” என்றார்.

அவர் வேலை செய்த காலத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 8 வீதமும் தோட்ட நிர்வாகம் 12 வீதமும் செலுத்தின. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் மேலும் 3 வீதம் செலுத்தியது. இந்த இரண்டாவது நிதியில் இதய சத்திரசிகிச்சை, கண்வில்லை பொருத்துதல், சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கு உதவி உண்டு. ஆனால் அது பணியிலிருக்கும் உறுப்பினர்களுக்கு உரியது. இந்நோய்கள் பெரும்பாலும் பணி முடிந்த பின்னரே வருகின்றன! சேமலாப நிதியோ மாதாந்த ஓய்வூதியம் அன்று. மொத்தமாகக் கைக்கு வந்து, மகளின் திருமணத்திலும் லயத்துக் கூரையிலும் கரைந்துவிடுகிறது. அதில் மருத்துவத்துக்கென ஒரு பங்கை எவரும் ஒதுக்கச் சொல்வதில்லை.

பெரியவர் சொன்னது உண்மையுமாகும். கண்டியும் பேராதனையும் இரு பெரும் அரச வைத்தியசாலைகளைப் பெற்றது இம்மாவட்டத்து மக்களின் பேறு. மாற்று இதயத் துடிப்புக் கருவி முதல் மாத்திரை வரை விலையின்றிக் கொடுக்க முயலும் அமைப்பு நம்முடையது. ஆனால் அந்தக் கூரையும் ஒழுகும் என்பதை 2022 மார்ச்சில் கண்டோம். மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. இன்றும் இல்லாத மருந்துக்கும் ஸ்கேனுக்கும் துண்டெழுதி வெளியே அனுப்பும்போது, கலஹாப் பெரியவர் அந்தத் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார். அடுத்த சம்பள நாளுக்கு மகன் பணம் தரும்வரை அது அங்கேயே இருக்கும்.

பெருஞ்செலவான சிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்தை நாடலாம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்நிதியத்துக்கு, 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க முடிகிறது. கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. இதைத் தோட்டங்களில் உள்ளோருக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை. எனினும் அது விண்ணப்பித்துப் பெறும் உதவி. காப்புறுதி தரும் உரிமை அன்று.

அக்ரஹார போன்ற ஒரு திட்டத்தைச் சேமலாப நிதி உறுப்பினருக்கும் ஏன் திறக்கக் கூடாது? நிதியை மீளப்பெறும் வேளையில் ஒரு சிறு பங்கை விருப்பத்தின் பேரில் ஒதுக்கி, ஆயுள்வரை மருத்துவக் காப்பு பெற வழி செய்யலாமே. இளையோரும் முதியோரும் ஒரே குளத்தில் சேர்ந்தால்தான் கணக்கு நிற்கும். அதை அரசினால் செய்ய முடியும். அயல்நாடான இந்தியா 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்தோருக்கு, வருமானம் பாராமல், ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரையான காப்பீட்டைத் தொடங்கியது. அங்கும் குறைகள் இருக்கலாம். ஆனால் தகுதி எதுவென்ற கேள்விக்கு வயது என்று அவர்கள் விடையளித்தார்கள். நாமோ இன்னும் ‘எங்கே வேலை செய்தீர்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கனடாவிலும் இலண்டனிலும் இருந்து இதை வாசிக்கும் கண்டித் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலுள்ள பெற்றோருக்கு நோய் வந்தபின் பணம் அனுப்புகிறீர்கள், நல்லது. அதற்குமுன், அவர்கள் பெயரில் தனியாக ஒரு மருத்துவச் சேமிப்புக் கணக்கைத் திறந்துவிடுங்கள். காப்புறுதி மறுக்கப்பட்ட வயதில் அதுவே அவர்களது காப்புறுதி.

எட்டரை மணிக்கு எங்கள் இலக்கங்களை அழைத்தார்கள். மூவருக்கும் ஒரே வைத்தியர், ஒரே மாத்திரை. அந்த அறைக்குள் எங்களிடையே வேறுபாடு இருக்கவில்லை.