மச்சு விசிறிக்கு யார் பொறுப்பு?

வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால் அத்துடன் வீட்டின் அமைதியும் கெட்டுவிடுகிறது. அதிலும் மச்சில், கைக்கு எட்டாத உயரத்தில், சுவரிலுள்ள வட்டத் துவாரத்தில் பொருத்திய மின்சார விசிறி நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். உள்ளேயுள்ள உஷ்ணக் காற்றை வெளியே தள்ளுவது அதன் உத்தியோகம். அது நின்றதும் மச்சு செங்கல் சூளையாகிறது. "வீட்டுக்காரர் பார்க்கட்டும்" என்கிறார் குடியிருப்பவர். "உபயோகித்தவர் பார்க்கட்டும்" என்கிறார் வீட்டுக்காரர். இந்த வாதம் முடிவதற்குள் சித்திரை போய் வைகாசியும் வந்துவிடும். மச்சில் படுக்கும் பாட்டியும் படிக்கும் பிள்ளையும் வியர்வையில் நனைவதுதான் மிச்சம்.

தூத்துக்குடி போன்ற கடற்கரைப் பட்டணத்தில் இந்த வழக்கு அடிக்கடி எழுகிறது. தமிழ்நாட்டு உப்பில் பெரும் பகுதியை விளைவிக்கும் ஜில்லா அது. சோறு போடும் அந்த உப்பே, கடற்காற்றில் கலந்து வந்து திருகாணியையும் பேரிங்கையும் அரித்துத் தின்கிறது. ஆகையால் அங்கே விசிறி கெட்டால், யாரோ அஜாக்கிரதையாக இருந்தார்கள் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

யார் பழுது பார்ப்பது என்று கேட்கும் முன்னால், பழுது எங்கே என்று கேட்பதே முறை என்பது நம் அபிப்பிராயம். அதே பகுதியிலுள்ள விளக்கும் எரியவில்லையானால் குற்றம் விசிறியினுடையதன்று; கம்பியினுடையது. விளக்கு எரிந்து, விசிறி மட்டும் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால், கண்டென்சர் பழுதாகியிருக்கலாம். அல்லது பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். சத்தமே இல்லாவிட்டால் சுவிட்சோ, உள்ளேயுள்ள காயிலோ போயிருக்கக் கூடும். விசிறிச் சட்டத்தைச் சுற்றி மழைநீர் ஒழுகினால் அது கொத்தனார் வேலை. ஒன்று நிச்சயம்: முனகும் விசிறியை அப்படியே விட்டுவைக்கலாகாது. சுற்றாத மோட்டாரில் மின்சாரம் ஓடினால் காயில் சூடேறிக் கருகும், தீப்பிடிக்கவும் இடமுண்டு. முதல் வேலை சுவிட்சை அணைப்பதே.

இனி, செலவு யாருடையது? இதற்குச் சட்டமே விடை வைத்திருக்கிறது. வீட்டுக்காரர், குடியிருப்பவர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புக்களையும் குறித்துத் தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்தது. அதன் அட்டவணை இருவர் வேலையையும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. சுவரையும் கூரையையும் சேர்ந்த பழுதும், உள்ளும் புறமும் ஓடும் மின்கம்பிகளும் வீட்டுக்காரரைச் சேர்ந்தவை. சுவிட்சு முதலியவற்றையும் மின்சார சாதனங்களையும் பழுது பார்ப்பதும் மாற்றுவதும் குடியிருப்பவரைச் சேர்ந்தவை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்தால் அதன்படி நடக்கலாம். வீட்டுக்காரர் தம் பங்கு வேலையைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் தாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது.

ஆகவே குடிபுகும் நாளிலேயே, மச்சு விசிறி யாருடையது, கெட்டால் யார் மாற்றுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்வது உத்தமம். அந்த ஒரு வரி பல மாதச் சண்டையை மிச்சப்படுத்தும்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. கண்டென்சர் மாற்றுவது சொற்பச் செலவு. பேரிங் மாற்றுவதும் அப்படியே. ஆனால் காயிலைப் புதிதாகக் கட்டும் கூலி புது விசிறியின் விலையில் பாதியை நெருங்கினால், பழையதற்கு விடை கொடுத்துவிடலாம். புதிது வாங்கப் புறப்படும் முன் சுவர்த் துவாரத்தை அளந்துகொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் விசிறிக்காகச் சுவரை இடிக்க நேரும். கடற்கரையில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத உடலுள்ளதாகப் பார்த்து வாங்குவது நலம்.

இதே தூத்துக்குடியில்தான் 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, கொழும்புக்குக் கப்பல் விட்டார். கப்பலை வாங்குவது ஒரு நாள் காரியம். அதை ஓயாமல் ஓடச் செய்வது தினசரிக் காரியம். சுதேசியம் என்பது நம்முடைய பொருளை வாங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. வாங்கியதைச் செப்பனிடத் தெரிந்த நம் தொழிலாளியை மதித்து, பேரம் பேசாமல் கூலி கொடுப்பதும் அதில் சேர்ந்ததே.

கடைசியாக, ஏணியில் ஏறுவது யார்? "நம் பையனே பார்த்துவிடுவான்" என்று பெருமையுடன் சொல்லும் தந்தையரை நாம் அறிவோம். பையன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும். ஆனால் வீட்டுக்குள் ஓடும் 230 வோல்ட் மின்சாரம் கெட்டிக்காரன், அசடன் என்று பேதம் பார்ப்பதில்லை. கண்டென்சரோ, சுவிட்சை அணைத்த பிறகும் சற்று நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முறையாகப் பயின்று, தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைப்பதற்கு ஆகும் கூலி, ஓர் உயிருக்கு முன்னால் எம்மாத்திரம்?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இக்கரையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. 1961-க்குப் பிறகு அங்கே பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் அதன் பாடம் பழசாகிவிடவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குபவர் ஒருவர்; தோணியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவர் இன்னொருவர். மூழ்குபவர் தம் உயிரைக் கயிறு பிடிப்பவரிடம் ஒப்படைத்துவிட்டே இறங்குவார். ஆகவே அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுக்க மாட்டார்.

மச்சு விசிறிக்கும் அதே ஏற்பாடு வேண்டும். வயர்மேன் ஏணியில் இருக்கும் வரையில், வீட்டார் ஒருவர் மெயின் சுவிட்சின் அருகில் நின்று, வேறு எவரும் அதைத் தொடாமல் காவல் இருக்க வேண்டும். செலவு வீட்டுக்காரருடையதாகவோ குடியிருப்பவருடையதாகவோ இருக்கலாம், வேலை வயர்மேனுடையது. அந்தக் காவல் மட்டும் வீட்டிலுள்ளவர்களுடையது. அதை எந்த ஒப்பந்தத்தினாலும் இன்னொருவர் தலையில் கட்ட முடியாது.