கமிசோரி கேட்கும் பொறுமை

ஜப்பானியச் சவரக்கத்தியான கமிசோரி மடங்காது. அலகும் பிடியும் ஒரே துண்டு; பல கத்திகளின் பிடியில் பிரம்பு சுற்றியிருக்கும். அலகின் இரு பக்கக் குழிவும் சமமாக இராது.

பழகுபவர் திணறுவது இங்கேதான். முடிதிருத்துநர் நாற்காலியைச் சுற்றிவந்து, ஒரே பக்கத்தைத் தோலில் வைத்து மழித்துவிடுவார். தனக்குத்தானே மழிப்பவரோ கையை மாற்ற வேண்டும், அல்லது கத்தியைத் திருப்ப வேண்டும்.

ஜப்பானில் முகம் மழிப்பது உரிமம் பெற்ற முடிதிருத்துநரின் தொழில்; 1947 சட்டம் அப்படித்தான் வரையறுக்கிறது. பயிற்சியும் தேர்வும் கடந்தவர்கள் செய்யும் வேலையை நான்கு காணொளிகள் பார்த்துக் கற்றுவிடலாம் என்பது வீண் துணிச்சல்.

கத்தி வாங்கியவர்கள் முதலில் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை படியும்வரை மோவாயையும் மேலுதட்டையும் சாதாரண ரேசரிடமே விட்டுவிடுங்கள்.