சின்சில்லா கண்காட்சி: ரோமத்துக்குத்தான் மார்க்கா?

அமெரிக்காவில் சின்சில்லா கண்காட்சிகளில் நடுவர்கள் முக்கியமாகப் பார்ப்பது ரோமத்தைத்தான். நிறம், அடர்த்தி, கூடவே உடல்வாகு. கோட்டு தைக்க இவற்றை வளர்த்த பண்ணைகளின் அளவுகோல் அது. இப்போது செல்லமாக வளர்ப்பவர்களும் அதையே பிடித்துக்கொண்டு இருப்பது ஏனோ!

1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்தது வெறும் 11 சின்சில்லாக்கள். இன்று வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அவற்றின் வாரிசுகள். கிட்டத்தட்ட ஒரே குடும்பம்! அப்போ ஜோடி சேர்ப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும்?

சின்சில்லாவின் பற்கள் சாகும்வரை வளரும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாவிட்டால் சாப்பிடவே முடியாது. இந்தக் குறை பரம்பரையாகவும் வரலாம். 15 வருஷம்கூட வாழக்கூடிய உயிர் இது. ரிப்பன் கட்டும் முன் தாடை எக்ஸ்ரேயையும் நடுவர்கள் கேட்கட்டும்.