ரெக்கார்டு நோட்டோடு முடிந்துவிட வேண்டுமா?



"டிஜிட்டல் கலை, இசை விழாவுக்கு நாமும் ஏதாவது அனுப்பலாமே" என்று ஹாஸ்டலில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் ஓவியக் கல்லூரிக்காரங்க சமாச்சாரம்ப்பா. நாம டிப்ளமோ. நமக்கு எதுக்கு?" என்ற பதில் கையோடு வரும். இந்தப் பதில் தவறு என்பதே என் தாழ்மையான கருத்து. அந்த விழாக்களின் கதையைக் கொஞ்சம் புரட்டினால், தூரிகை பிடித்த கைகளோடு புரோகிராம் எழுதிய கைகளும் சரிசமமாக நிற்பது தெரியும்.

ஆஸ்திரியா நாட்டில் டான்யூப் நதிக்கரையில் லின்ஸ் என்று ஒரு நகரம். உருக்காலைக்குப் பேர்போன ஊர். அங்கேதான் 1979-இல் 'ஆர்ஸ் எலக்ட்ரானிகா' விழா தொடங்கியது. 1987-இல் பரிசுப் போட்டியும் ஆரம்பமானது. முதல் பரிசின் பெயர் 'கோல்டன் நிகா'. அந்த முதல் வருஷமே கணினி அனிமேஷன் பிரிவில் அதைத் தட்டிச் சென்றது ஜான் லாசெட்டரின் 'லக்ஸோ ஜூனியர்'. அதில் என்ன இருக்கிறது? இரண்டு மேஜை விளக்குகள், பந்து விளையாட்டு. வசனம் கிடையாது. சுமார் இரண்டு நிமிஷம், அவ்வளவுதான்!

1999-இல் இன்னும் வேடிக்கை. இணையப் பிரிவின் கோல்டன் நிகா யாருக்குத் தெரியுமா? லினக்ஸுக்கு! லைனஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது 1991-இல் தொடங்கிய அதே ஆபரேட்டிங் சிஸ்டம்தான். 2004-இல் விக்கிபீடியாவுக்கும் கோல்டன் நிகா கிடைத்தது. பலர் கூடி நன்றாகக் கட்டிய ஒரு வேலையும் கலைதான் என்று அந்த நடுவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நாம்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று 'டெமோ' போட்டி. ஃபின்லாந்தில் 1992-இல் தொடங்கிய 'அசெம்பிளி' இதில் பெயர் பெற்றது. டெமோ என்பது ஒரு புரோகிராம். ஓடவிட்டால் படமும் இசையும் அந்த நிமிஷமே கணினியில் பிறக்கும். சில பிரிவுகளில் அளவுக் கட்டுப்பாடு உண்டு: 64 கிலோபைட், அல்லது வெறும் 4 கிலோபைட். நம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே மெகாபைட் கணக்கில் இருக்கிறதே! ஆனால் 2009-இல் ஜெர்மனியின் 'பிரேக்பாயிண்ட்' விழாவில் வென்ற 'எலிவேட்டட்', 4096 பைட்டுக்குள் பனி மூடிய மலைத்தொடரையும் அதற்கான இசையையும் அடக்கிவிட்டது. எப்படி? படத்தைச் சேமிக்கவே இல்லை. மலையை உருவாக்கும் கணக்கை மட்டும் எழுதினார்கள். இட்லியைப் பார்சல் கட்டாமல், செய்முறையை மட்டும் சீட்டில் எழுதி அனுப்புகிற மாதிரி!

இந்த மாதிரிப் போட்டிகளில் பெரும்பாலும் அரங்கில் இருப்பவர்களே ஓட்டுப் போடுகிறார்கள். "நீ டிப்ளமோவா, டிகிரியா?" என்று யாரும் கேட்பதில்லை. இந்த டெமோக் கலையை ஃபின்லாந்து 2020-இலும், ஜெர்மனி 2021-இலும் தங்கள் வாழும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டன.

சரி, இப்போது நம் பக்கம் வருவோம். கடைசி வருஷ ப்ராஜெக்ட் என்ன ஆகிறது? ஊரில் ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்கும் கடைகள் இருப்பது ஊரறிந்த ரகசியம். காசு கொடுத்தால் போர்டும் கிடைக்கும், ரிப்போர்ட்டும் கிடைக்கும். பைண்டிங் போட்டு, வைவா முடிந்தால் அது பரணுக்குப் போகும். தானே ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தவனின் ப்ராஜெக்டும் அதே பரணுக்குத்தான் போகிறது. இதைவிட அநியாயம் உண்டா, சொல்லுங்கள்!

விழாவுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் நான்கு கேள்விகள் எதிரே வந்து நிற்கும். இது என்ன? ஏன் செய்தாய்? எப்படி வேலை செய்கிறது? இதில் யார் எதைச் செய்தார்கள்? கடையில் வாங்கியவனால் ஒரு வரி எழுத முடியாது. சொந்தமாகச் செய்தவனுக்கோ, தான் செய்தது என்ன என்று அப்போதுதான் முழுசாகப் புரியும். பரிசு வராமல் போகட்டும். அந்த ஒரு பக்கம் நம்மிடம் இருக்கும். நாளை வேலைக்கான இன்டர்வியூவில் அதே கேள்விகள்தானே வரப்போகின்றன?

"இப்பத்தான் ஒரு வரி கேட்டா ஏ.ஐ. படமும் பாட்டும் போட்டுத் தருதே, மச்சான்" என்கிறார்கள் சிலர். தரட்டும். அதில் உன்னுடையது எது? பயன்படுத்தினால் பயன்படுத்தினேன் என்று எழுது. மறைத்தால், அது ரெடிமேட் கடையின் புதுக் கிளை, அவ்வளவுதான். நம் காதுக்கு மட்டும் தெரிந்த சத்தங்கள் எத்தனை! லேத்தில் சில்லு சீவும் சத்தம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். நாள் முழுக்க நிற்காத சுருதிப்பெட்டி அது! அதைப் பதிவு செய்து ஒரு இசை கட்டினால் அது நம்முடையது.

அனுப்புகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விதிமுறையை முழுக்கப் படியுங்கள். நுழைவுக் கட்டணம் கேட்கும் விழாவும் உண்டு, கேட்காததும் உண்டு, கேட்காததிலிருந்து தொடங்குவோம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஒட்டாதீர்கள். உரிமைப் பிரச்சினை வரும். வேலை செய்யும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். தூரத்தில் இருக்கும் நடுவர் நம் போர்டைத் தொட்டுப் பார்க்க மாட்டார். உழைத்த எல்லோர் பெயரையும் போடுங்கள்.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. செமஸ்டருக்கு ஒரு சாயங்காலம் 'டெமோ மாலை' நடத்துங்கள். மெக்கானிக்கல் பிரேம் செய்யட்டும். எலக்ட்ரானிக்ஸ் சென்சார் மாட்டட்டும். கம்ப்யூட்டர் பிரிவு புரோகிராம் எழுதட்டும். ஓட்டு நம் எல்லோருக்கும். அங்கே தேறுவதை வெளி விழாவுக்கு அனுப்புவோம். மதிப்பிற்குரிய முதல்வர் அவர்கள் சனிக்கிழமை மத்தியானம் லேபைத் திறந்து வைக்க அனுமதித்தால் போதும். மற்றதை நாம் பார்த்துக்கொள்வோம்.

நம் வேலைக்கு எக்ஸ்டர்னல் போடும் கையெழுத்து மட்டுமே முடிவுரை அல்ல, நண்பர்களே. சிந்திப்போம்... செய்வோம்... அனுப்புவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை