சம்மனசுக்கும் சொல்லுங்கள்

தேங்காய்த்திட்டிலிருந்து டயாலிசிஸ் சிகிச்சைக்கு வரும் பெரியவர் ஒருவர், தம் ஐந்து வயதுப் பேத்தியைச் "சம்மனசு" என்றே குறிப்பிடுவார். டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று சம்பா கோயில் பூசைக்கு அவளை அழைத்துச் செல்வது அவர் வழக்கம். "கள்ளமில்லாத பிள்ளை, டாக்டர். என் நோய் அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். (அவர் இசைவுடனேயே இதை எழுதுகிறேன்.)

அவரது அன்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. கள்ளமின்மை வேறு, அறியாமை வேறு. வீட்டில் குரல்கள் தாழ்வதையும் கண்கள் கலங்குவதையும் குழந்தை கவனிக்கிறது. காரணம் சொல்லப்படாதபோது, அவ்வயதில் தன்னையே காரணமாக்கிக்கொள்ளவும் கூடும். அச்சிறுமி தாயிடம் கேட்டாளாம்: "நான் மடியில ஏறிக் குதிச்சதாலதான் தாத்தா கால் வீங்கிச்சா?"

சிறுநீரகம் செயலிழக்கும்போது உடலில் நீர் தேங்கிக் கால் வீங்குகிறது. அதை எளிதாகவே சொல்லலாம்: "தாத்தாவின் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. இது உன்னால் வந்ததன்று." மரணத்தைப் பற்றிக் கேட்டால் "தூங்கிவிட்டார்" என்னாதீர்கள், சில பிள்ளைகள் பிறகு உறங்கவே அஞ்சுவர்.

மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் குழந்தைகளைத் தடுத்தவர்கள் சீடர்களே. இயேசு சினம் கொண்டதும் அவர்கள்மீதுதான். இதைப் பெரியவருக்கு நினைவூட்டினேன். வெகுநேரம் அவர் பேசவில்லை.

அடுத்த முறை பேத்தியும் உடன் வந்திருந்தாள். அவர் கையில் புடைத்திருந்த இரத்தநாளத்தைத் தொட்டு, "வலிக்குதா தாத்தா?" என்றாள்.

"ஊசி போடும்போது கொஞ்சம்" என்றார் அவர்.