வாள் இழுக்குதா? மரத்தைத் திட்டாதீங்க!

"பேண்ட் ஸான்னா வாள் ஒரு பக்கமா இழுக்கத்தான் செய்யும், அதுக்குத் தக்கன ஃபென்ஸைச் சாய்ச்சு வச்சுக்கோ." இந்த உபதேசத்தைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ப்ரோக்ராம்ல பக் எங்கன்னு தேடாம, வந்த விடையோட ரெண்டைக் கூட்டிச் சரிக்கட்டுற கதை இது. நாளைக்கு வேற வாள் மாட்டினா சாய்மானமும் மாறும். அப்ப என்ன செய்வீங்க?

சக்கரத்துல ரப்பர் போட்ட சின்ன மெஷினுக்குச் சொல்றேன். பல்லுக்கு இடையில உள்ள பள்ளம் மேல் சக்கரத்தோட நடு மேட்டுல ஓடணும். வாள் தொய்வா இருக்கக் கூடாது. பக்கவாட்டு கைடு பள்ளத்துக்குப் பின்னால, பேப்பர் நுழையற இடைவெளியில நிக்கணும். பின்பக்க பேரிங், சும்மா ஓடும்போது வாளைத் தொடக் கூடாது. அதுக்கப்புறம் ஃபென்ஸை வாளுக்கு நேரா வைங்க.

இவ்வளவு செஞ்சும் இழுக்குதா? பல்லைப் பாருங்க. ஆணியில பட்டு ஒரு பக்கத்துப் பல் மழுங்கினா, கூரா இருக்கற பக்கமா வாள் ஓடும். மரத்தை அவசரமாத் தள்ளினா தூள் பள்ளத்துல அடைச்சும் வாள் வளையும்.

களக்காட்டுல இது சின்ன விஷயம் இல்ல. மேற்கே தெரியற மலை 1976-ல சரணாலயம், 1988-ல முண்டந்துறையோட சேர்ந்து புலிகள் காப்பகம். அங்கேருந்து ஒரு கம்பு கூட வராது, வரவும் கூடாது. இடிச்ச வீட்டு உத்திரத்துத் தேக்கைத்தான் அறுக்கோம். அதுல ஆணி கிடக்கும். முதல்ல அதைப் பிடுங்குங்க அண்ணாச்சி. வைரம் பாஞ்ச பலகையைக் கோணலா அறுத்துட்டு, ஆசாரியைத் திட்டுறது என்ன நியாயம்?

டிஸ்கி: செட் பண்றதுக்கு முன்னால பிளக்கைப் பிடுங்கிருங்க. விரல் முக்கியம் மக்கா :-)